ஹனுக்கா: எட்டு இரவும் விளக்கேற்றி நன்றி சொல்ல ஒரு முழுமையான வழிகாட்டி

யூதர்களின் எட்டு நாள் பண்டிகையான ஹனுக்காவில் ஏற்றும் விளக்கின் வெளிச்சத்தில் காசு எண்ணக் கூடாது என்று, அவர்களுடைய பழைய சட்ட விவாதத் தொகுப்பான தல்மூதில் ஒரு பேச்சு வருகிறது. காசு மட்டுமில்லை. அந்த வெளிச்சத்தில் புத்தகம் படிப்பது, துணி தைப்பது எதுவும் ஆகாது. வெளிச்சத்துக்காகவே உண்டான ஒரு பொருளை ஏற்றி வைத்துவிட்டு, அதை எதற்கும் பயன்படுத்தாதே, உட்கார்ந்து பார் என்கிறார்கள். ஏற்றி முடித்ததும் சொல்லும் ‘ஹநேரோத் ஹலலு’ என்ற சிறிய துதியிலேயே காரணம் இருக்கிறது: இந்த விளக்குகளைப் பயன்படுத்த நமக்கு அனுமதி இல்லை, பார்க்க மட்டுமே; பார்த்து நன்றி சொல்லவும் புகழவும்.

நான் யூதன் இல்லை. வெளிநாட்டில் வேலை பார்த்த காலத்தில் ஒரு யூதக் குடும்பத்துக்கு அடுத்த வீட்டில் சில வருடம் குடியிருந்தேன். ஒவ்வொரு டிசம்பரும் கூப்பிடுவார்கள். முதல் வருடம் ஒன்றும் புரியாமல் ஓரமாக நின்றுவிட்டு, வறுத்த பலகாரத்தைச் சாப்பிட்டு வந்தேன். அன்றைக்கு யாராவது உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று பிற்பாடு தோன்றியதைத்தான் இங்கே எழுதுகிறேன். ‘யூதர்களின் கிறிஸ்துமஸ்’ என்று சிலர் சொல்வதை மட்டும் முதலிலேயே மறந்துவிடுங்கள். இரண்டும் டிசம்பரை ஒட்டி வருவதைத் தவிர அதில் விஷயம் எதுவும் இல்லை.

படி 1: கதையை முழுசாகத் தெரிந்துகொள்ளுங்கள்

குழந்தைகளுக்குச் சொல்லும் கதை சின்னது. கெட்ட அரசன் கோவிலைக் கெடுத்தான், வீரர்கள் மீட்டார்கள், ஒரு நாளுக்கான எண்ணெய் எட்டு நாள் எரிந்தது. பெரியவர்களுக்கு இது போதாது.

கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் யூதேயா, சிரியாவை ஆண்ட செலூக்கிய அரசின் கையில் இருந்தது. அரசன் நான்காம் அந்தியோக்கு வெள்ளி மாலை தொடங்கும் வார ஓய்வுநாளைக் கடைப்பிடிப்பதையும், ஆண் குழந்தைக்கு விருத்தசேதனம் செய்வதையும், யூத வேதச் சட்டமான தோராவின்படி வாழ்வதையும் தடைசெய்தான். மீறினால் மரண தண்டனை. கி.மு. 167ல் எருசலேம் கோவிலின் பலிபீடத்தில் வேற்றுத் தெய்வத்துக்குப் பலி நடந்தது. மோதயின் என்ற ஊரில் மத்தத்தியா என்ற வயதான குரு அரசாணையின்படி பலியிட மறுத்தார். அவர் மறுத்ததும் வேறொரு யூதர் பலியிட முன்னே வந்தார். மத்தத்தியா அவரையும் அரச அதிகாரியையும் அங்கேயே வெட்டிப்போட்டுவிட்டு, மகன்களோடு மலைக்கு ஓடினார். முதல் வெட்டு விழுந்தது சொந்த இனத்தான் மேல் என்பதைக் கவனியுங்கள். கிரேக்கப் பழக்கங்களை விரும்பி ஏற்ற யூதர்களும் விடாமல் எதிர்த்த யூதர்களும் மோதிக்கொண்ட உள்நாட்டுப் போரும் இதற்குள் இருக்கிறது.

மத்தத்தியாவின் மகன் யூதா மக்கபே கொரில்லாப் போர் நடத்தி, கி.மு. 164ல் கோவிலைக் கைப்பற்றினார். சுத்தம் செய்து, தீட்டுப்பட்ட பலிபீடத்தின் கற்களை அகற்றிப் புதிதாகக் கட்டி, யூத நாட்காட்டியில் கிஸ்லேவ் மாதம் 25ஆம் நாள் மறுபடி அர்ப்பணித்தார்கள். ‘ஹனுக்கா’ என்றால் அர்ப்பணம்தான். தமிழ் பைபிள் வாசிப்பவர்களுக்கு இந்தப் பண்டிகை ஏற்கெனவே அறிமுகம். யோவான் நற்செய்தி பத்தாம் அதிகாரத்தில், குளிர்காலத்தில் இயேசு கோவில் மண்டபத்தில் உலாவும்போது நடக்கும் ‘பிரதிஷ்டை பண்டிகை’ இதுவேதான்.

எண்ணெய் எங்கே? அங்கேதான் சுவாரஸ்யம். நிகழ்வுக்கு நெருங்கிய காலத்தில் எழுதப்பட்ட மக்கபேயர் நூல்கள் இரண்டிலும் எண்ணெய் அதிசயம் கிடையாது. மலைகளில் ஒளிந்திருந்தபோது கொண்டாட முடியாமல்போன கூடாரப் பண்டிகையை நினைத்து எட்டு நாள் கொண்டாடினார்கள் என்கிறது இரண்டாவது நூல். இந்த நூல்கள் கத்தோலிக்க பைபிளில் இருக்கின்றன, யூதர்களின் வேதத்தில் இல்லை. தலைமைக் குருவின் முத்திரையோடு ஒரே ஒரு குப்பி எண்ணெய் கிடைத்தது, எட்டு நாள் எரிந்தது என்ற கதை பல நூற்றாண்டு கழித்துத் தல்மூதில் வருகிறது. அங்கே ‘ஹனுக்கா என்றால் என்ன?’ என்று ரப்பிகள் (யூத மத அறிஞர்கள்) கேட்டு, போரைப் போகிறபோக்கில் தொட்டுவிட்டு எண்ணெய்க்குப் போய்விடுகிறார்கள்.

ஏன் அப்படி? என் கணிப்பு இது. மக்கபேயரின் வாரிசுகள் பின்னால் அரசுப் பதவியையும் குருப் பதவியையும் சேர்த்தே வைத்துக்கொண்டார்கள். அண்ணன் தம்பி பதவிச் சண்டை முற்றி, கி.மு. 63ல் ரோமத் தளபதி பொம்பேயு எருசலேமுக்குள் நுழைய வழி திறந்தது. அந்த வெற்றியின் வால் எங்கே போய் முடிந்தது என்று ரப்பிகளுக்குத் தெரியும். ஹனுக்கா வார ஓய்வுநாளில் படிக்க அவர்கள் தேர்ந்த பகுதியும் சகரியா தீர்க்கதரிசியின் ‘பலத்தினாலும் அல்ல, பராக்கிரமத்தினாலும் அல்ல, என் ஆவியினாலேயே’ என்ற வரி வருகிற இடம்தான்.

இன்னொரு தகவல். யூதா மக்கபே நிக்கானோர் என்ற தளபதியைத் தோற்கடித்த ஆதார் மாதம் 13ஆம் நாளும் ஒரு காலத்தில் விழாநாளாக இருந்தது. இப்போது அதை யாரும் கொண்டாடுவதில்லை. எதிரியை வென்ற நாள் மறைந்து, விளக்கேற்றிய நாள் மட்டும் நின்றது.

படி 2: எதற்கு நன்றி என்று தெளிவாகுங்கள்

யூதர் என்ற பெயரே யூதா என்ற பெயரிலிருந்து வந்தது. ஆதியாகமத்தில் யாக்கோபின் மனைவி லேயா நான்காவது மகனைப் பெற்றதும், ‘இந்த முறை ஆண்டவருக்கு நன்றி சொல்வேன்’ என்று சொல்லி அவனுக்கு யூதா என்று பெயர் வைக்கிறாள். எபிரேயத்தில் அந்த வினைச்சொல்லுக்கு இரண்டு அர்த்தம்: நன்றி சொல்வது, ஒப்புக்கொள்வது. இது என்னால் ஆனதில்லை என்று ஒப்புக்கொண்டால்தான் நன்றி வரும்.

இடையில் ஒரு வேடிக்கை. ஹனுக்காவின் எட்டு நாள் காலையிலும் பாடும் சங்கீதங்களில் ஒன்று ‘ஹோது’ என்று தொடங்கும். ‘நன்றி சொல்லுங்கள்’ என்று பொருள். இந்தியாவுக்கு எபிரேயத்தில் என்ன பெயர் தெரியுமா? அதுவும் ஹோதுதான், எழுத்துக்கூட மாறாது. இரண்டுக்கும் வேரளவில் சம்பந்தம் இல்லை, தற்செயல். ஆனாலும் ‘ஹோதுவிலிருந்து வந்தவன்’ என்று என்னை அறிமுகப்படுத்தும்போது அடுத்த வீட்டுத் தாத்தா தவறாமல் சிரிப்பார்.

சரி, விஷயத்துக்கு வருவோம். பூரிம் என்ற இன்னொரு யூதப் பண்டிகையின் கதையில், யூதர்களைக் கொன்றொழிக்கத் திட்டமிட்ட ஆமானிடமிருந்து தப்பியது உயிர். அதனால் அன்றைக்கு விருந்து, மது, கூத்து. அந்தியோக்குக்கு யூதர்களின் உயிர் வேண்டியிருக்கவில்லை. அவர்கள் யூதர்களாக இல்லாமல்போனால் போதும். ஆகவே ஹனுக்காவில் விருந்து கட்டாயமில்லை, ‘நன்றியும் புகழ்ச்சியும்’தான் கட்டாயம் என்று பழைய உரைகாரர்கள் விளக்குகிறார்கள். உடம்பு பிழைத்ததற்கும், நாம் நாமாகவே பிழைத்ததற்கும் வித்தியாசம் உண்டு. இந்த எட்டு நாளும் இரண்டாவதற்கு.

படி 3: விளக்கைத் தயார் செய்யுங்கள்

இதில் சிக்கல் எதுவும் இல்லை. ஒன்பது முகம் உள்ள ஹனுக்கியா வேண்டும் (பேச்சில் மெனோரா என்பார்கள், கோவிலில் இருந்த மெனோராவுக்கு ஏழு கிளைதான்). எட்டு முகமும் ஒரே உயரத்தில், ஒன்பதாவது மட்டும் சற்று உயர்ந்தோ விலகியோ இருக்க வேண்டும். அந்த ஒன்பதாவது ‘ஷமாஷ்’, அதாவது பணியாள். மற்றவற்றை ஏற்றுவது அதுதான். தப்பித்தவறி அந்த வெளிச்சத்தில் யாராவது எதையாவது படித்துவிட்டாலும், அது ஷமாஷின் வெளிச்சம் என்று கணக்கு.

ஒலிவ எண்ணெயும் திரியும் சிறப்பு, மெழுகுவர்த்தியும் சரிதான். முதல் இரவு ஒன்று, எட்டாம் இரவு எட்டு, தினமும் ஷமாஷ். கூட்டினால் 44. கடையில் விற்கும் பெட்டியில் 44 வர்த்திதான் இருக்கும்.

காசில்லாதவன் என்ன செய்வான்? போட்டிருக்கும் துணியை விற்றாவது, கடன் கேட்டாவது எண்ணெய் வாங்க வேண்டும் என்கிறார் இடைக்கால யூதச் சட்ட அறிஞர் மைமோனிடிஸ். இவ்வளவு கறாராகச் சொன்னவர், அடுத்தாற்போல் ஒன்று சொல்கிறார். ஓய்வுநாள் விளக்கு, ஹனுக்கா விளக்கு இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறதென்றால் வீட்டு வெளிச்சத்துக்கான ஓய்வுநாள் விளக்கையே வாங்கு. இருட்டில் வீட்டில் சமாதானம் இருக்காது, சமாதானம் பெரியது. அதிசயத்தைவிடச் சமாதானம் பெரியது என்று அந்த அதிசயத்தின் சட்டப் பகுதியிலேயே எழுதி முடித்த மனிதர் மேல் எனக்குத் தனி மரியாதை.

படி 4: எங்கே வைப்பது

வெளியே தெரிகிற மாதிரி. வாசல் கதவருகே, கதவு நிலையில் பதிக்கும் வேத வாசகச் சிமிழான மெசூசாவுக்கு எதிர்ப்பக்கம். இல்லையென்றால் தெருவைப் பார்த்த ஜன்னலில். ‘அதிசயத்தைப் பறைசாற்றுவது’ என்று இதற்குத் தனிப் பெயரே உண்டு. வீட்டுக்குள் பூட்டிக்கொண்டு நன்றி சொல்வது இந்தப் பண்டிகையின் வழக்கமில்லை.

ஆனால் தல்மூத் கூடவே ஒரு விதிவிலக்கும் தருகிறது: ஆபத்தான காலத்தில் மேஜைமேல் வைத்தால் போதும். இந்த ஒற்றை வரி நூற்றாண்டுக் கணக்கில் உபயோகப்பட்டிருக்கிறது.

ஜன்னலா மேஜையா என்ற கேள்வி பழங்கதையாகிவிடவில்லை. 1993 டிசம்பரில் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் பில்லிங்ஸ் என்ற ஊரில், ஹனுக்கா விளக்கு வைத்திருந்த ஒரு சிறுவனின் அறை ஜன்னலில் கல் வந்து விழுந்தது. உள்ளூர்ப் பத்திரிகை முழுப்பக்க மெனோரா படம் அச்சடித்தது. ஊரில் யூதக் குடும்பங்கள் கொஞ்சம்தான். யூதர் அல்லாத ஆயிரக்கணக்கான வீடுகள் அந்தப் படத்தைத் தங்கள் ஜன்னலில் ஒட்டின.

படி 5: ஏற்றுங்கள்

இருட்டத் தொடங்கும் நேரம். வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் வரும்வரை காத்திருப்பார்கள். முதல் இரவு வலது ஓரத்தில் ஒரு வர்த்தி. மறுநாள் அதற்கு இடப்பக்கம் இரண்டாவது. இப்படி வலமிருந்து இடமாக வைத்துக்கொண்டே போக வேண்டும்; ஏற்றும்போது இடமிருந்து, அதாவது அன்று புதிதாகச் சேர்ந்ததை முதலில் ஏற்ற வேண்டும். நான் பார்த்த வீட்டில் எட்டு வயதுப் பேத்தி தினமும் இதில் தடுமாறுவாள். தாத்தா பேச மாட்டார், விரலால் மட்டும் காட்டுவார்.

ஏன் ஒன்றில் தொடங்கி எட்டுக்குப் போக வேண்டும்? இதற்குப் பழைய சண்டை ஒன்று உண்டு. எட்டில் தொடங்கி ஒவ்வொன்றாகக் குறைக்க வேண்டும் என்றது ஷம்மாய் என்ற அறிஞரின் சீடர் குழு. ஒன்றில் தொடங்கிக் கூட்ட வேண்டும் என்றது ஹில்லேல் என்ற அறிஞரின் சீடர் குழு. புனிதமான காரியத்தில் ஏறத்தான் வேண்டும், இறங்கக் கூடாது என்பது அவர்கள் வாதம். ஹில்லேல் வழிதான் நின்றது.

கையில் ஷமாஷை எரியவைத்துக்கொண்டு, மற்றவற்றை ஏற்றுவதற்கு முன் ஆசிமொழிகள் சொல்ல வேண்டும். ஹனுக்கா விளக்கேற்றப் பணித்த இறைவனை வாழ்த்துவது முதலாவது. ‘அந்நாட்களில் இதே வேளையில் எங்கள் முன்னோருக்கு அதிசயங்கள் செய்தவர்’ என்பது இரண்டாவது. மூன்றாவது முதல் இரவில் மட்டும்: ‘எங்களை உயிரோடு வைத்து, தாங்கி, இந்த வேளையை அடையச் செய்தவர்.’ போன வருடம் இதே மேஜையைச் சுற்றி நின்றவர்களில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று கணக்குப் பார்க்க வைக்கிற வரி இது. அந்த வீட்டுப் பாட்டி இறந்துபோன வருடத்தில் தாத்தாவின் குரல் இங்கேதான் நின்றது. மகன் மீதியைச் சொல்லி முடித்தார்.

விருந்தாளியாகப் போகிறவர்களுக்கு: ஒவ்வொரு ஆசிமொழி முடிவிலும் ‘ஆமென்’ சொன்னால் போதும். வாழ்த்து ‘ஹாக் சமேயாக்’. வீட்டில் சமைத்ததை எடுத்துப் போகாதீர்கள், கோஷர் என்ற யூத உணவு விதிப்படி அவர்களால் சாப்பிட முடியாமல் போகலாம். பழம் எடுத்துப் போங்கள்.

வெள்ளிக்கிழமை மட்டும் நேரம் மாறும். ஓய்வுநாள் தொடங்கிவிட்டால் நெருப்பு தொடக் கூடாது என்பதால், ஹனுக்கா விளக்கை முதலில் ஏற்றி, அப்புறம் ஓய்வுநாள் விளக்கை ஏற்ற வேண்டும். இருட்டிய பிறகும் அரை மணி நேரம் எரிய வேண்டுமே, அதனால் அன்று பெரிய வர்த்தியாகப் பார்த்து வையுங்கள்.

படி 6: அரை மணி நேரம் சும்மா இருங்கள்

விளக்கு குறைந்தது அரை மணி எரிய வேண்டும். அந்த நேரம் பெண்கள் வீட்டுவேலை செய்வதில்லை என்பது பழைய வழக்கம். அந்த வீட்டு மருமகள் இதை மிகக் கண்டிப்பாகக் கடைப்பிடிப்பார். ‘எங்கள் மதத்திலேயே எனக்குப் பிடித்த சட்டம்’ என்று சொல்லி, நாற்காலியை ஜன்னலுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்துவிடுவார். அடுப்பில் எது தீய்ந்தாலும் ஆண்கள்தான் ஓட வேண்டும்.

பாதியில் காற்றடித்து விளக்கு அணைந்துபோனால்? முறையாக ஏற்றியிருந்தால் மறுபடி ஏற்றக் கட்டாயமில்லை என்கிறது சட்டம். ஏற்றுவது மனிதன் பொறுப்பு, அதோடு கடமை முடிந்தது.

இந்த அரை மணிக்கு ஏற்ற ஒரு புதிர் இருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் ரப்பி யோசேப்பு காரோ கேட்டார்: ஒரு நாளுக்கான எண்ணெய் இருந்ததென்றால் முதல் நாள் எரிந்தது இயல்புதானே? அதிசயம் ஏழு நாள்தான், பிறகு ஏன் எட்டு நாள் பண்டிகை? இதற்கு எத்தனையோ பதில்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. முதல் நாள் போர் வெற்றிக்கு என்பார்கள். குப்பி கிடைத்ததே அதிசயம் என்பார்கள். எனக்குப் பிடித்தது, நாளைக்கு எண்ணெய் இல்லை என்று தெரிந்தும் இன்றைக்கு ஏற்றினார்களே, அந்தத் துணிச்சல்தான் முதல் நாளின் அதிசயம் என்கிற பதில்.

படி 7: வேண்டுதலில் நன்றியைச் சேருங்கள்

தினசரி மூன்று வேளை வேண்டுதலிலும், சாப்பிட்ட பிறகு சொல்லும் நன்றியிலும் ‘அல் ஹநிசீம்’ என்ற பகுதி இந்த எட்டு நாளும் சேரும். பலசாலிகளைப் பலவீனர் கையிலும் பலரைச் சிலர் கையிலும் ஒப்புக்கொடுத்ததற்கு நன்றி என்று போகும் அது. கோவில் முற்றத்தில் விளக்கேற்றியது வருகிறது, எண்ணெய் எட்டு நாள் எரிந்தது வரவில்லை. நன்றி சொல்லவும் புகழவுமே இந்த எட்டு நாளை ஏற்படுத்தினார்கள் என்று முடியும்.

அது எந்த இடத்தில் செருகப்படுகிறது என்பதையும் பாருங்கள். ‘மோதீம்’ என்ற நன்றிப் பகுதியில். ஜெப ஆலயத்தில் தலைவர் வேண்டுதலைத் திரும்பச் சொல்லும்போது சபையார் ஆசிமொழிகளுக்கு ஆமென் சொல்லிக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். மோதீம் வந்ததும் மட்டும் ஒவ்வொருவரும் குனிந்து, தங்களுக்கென்று தனி நன்றி வாசகம் ஒன்றைச் சொல்கிறார்கள். எதை வேண்டுமானாலும் ஆள் வைத்துக் கேட்கலாம், நன்றியை மட்டும் நேரில்தான் சொல்ல வேண்டும் என்று பழைய உரை ஒன்று காரணம் சொல்கிறது.

படி 8: எண்ணெய்ப் பலகாரமும் பம்பரமும்

கிழக்கு ஐரோப்பிய யூதர் வீடுகளில் உருளைக்கிழங்கைத் துருவிச் சுட்ட லட்கே, இஸ்ரேலில் சுஃப்கானியா என்ற ஜாம் வைத்த டோனட். பிள்ளைகளுக்கு நாலு பக்கமும் எழுத்துள்ள பம்பரம், சாக்லேட் காசு. பம்பரத்தில் இருப்பவை ‘அங்கே பெரிய அதிசயம் நடந்தது’ என்பதன் முதலெழுத்துகள். இஸ்ரேலில் ‘அங்கே’ போய் ‘இங்கே’ என்று ஒரு எழுத்து மாறும்.

எண்ணெய் என்றதும் நம் நாட்டு பெனே இஸ்ரேல் மக்கள் நினைவுக்கு வருகிறார்கள். கொங்கண் கரையில் வாழ்ந்த இந்த யூதர்களின் பரம்பரைத் தொழில் செக்காட்டுவது. சனிக்கிழமை செக்கை நிறுத்திவிடுவார்கள் என்பதால் ஊரார் ‘சனிவார் தேலி’, சனிக்கிழமை வாணியர் என்று பெயர் வைத்தார்கள். தங்கள் முன்னோர் கப்பல் உடைந்து கரையேறியவர்கள் என்பது அவர்களுடைய மரபுக் கதை. இதில் விநோதம், எண்ணெய்ப் பண்டிகையான ஹனுக்கா இந்த எண்ணெய் ஆட்டுகிறவர்களிடம் பழைய வழக்கமாக இருக்கவில்லை. பிற யூதர்களோடு தொடர்பு ஏற்பட்ட பிறகுதான் வந்தது. நன்றி சொல்ல அவர்களுக்கென்று வேறு முறை இருந்தது. அவல், வெல்லம், தேங்காய்த் துருவல் கலந்து, பழங்களோடு தட்டில் வைத்து எலியா தீர்க்கதரிசியின் பெயரால் படைக்கும் ‘மலிதா’. நேர்ந்துகொண்டது நடந்தால் இன்றும் செய்கிறார்கள்.

படி 9: எட்டாம் இரவு

எல்லா முகமும் எரியும் ஒரே இரவு இது. ஒரு புகைப்படத்தைத் தேடி எடுத்து, விளக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வேன்.

1931 டிசம்பர், ஜெர்மனியின் கீல் நகரம். ரப்பி அகிபா போஸ்னரின் வீட்டு ஜன்னலில் பித்தளை ஹனுக்கியா. தெருவின் எதிர்ப்பக்கக் கட்டடத்தில் நாஜிக் கொடி தொங்குகிறது. ஓய்வுநாள் தொடங்குவதற்கு முன், வெள்ளிக்கிழமை, ரப்பியின் மனைவி ராஹேல் இந்தக் காட்சியைப் படமெடுத்தார். படத்தின் பின்பக்கம் ஜெர்மன் மொழியில் எதுகை வைத்து அவர் எழுதியதன் பொருள்: ‘யூதா ஒழிக’ என்கிறது கொடி, ‘யூதா என்றும் வாழும்’ என்று பதில் சொல்கிறது விளக்கு. லேயா வைத்த அதே பெயர்.

1933ல் குடும்பம் ஜெர்மனியைவிட்டுக் கிளம்பியது. விளக்கும் கூடவே போனது. இப்போது அது எருசலேமில் யாத் வஷேம் என்ற யூத இனப்படுகொலை நினைவகத்தில் இருக்கிறது. ஹனுக்கா வந்தால் குடும்பத்தார் அதை வாங்கிப் போய் வீட்டில் ஏற்றுகிறார்கள். 2022 டிசம்பரில் ஒருமுறை பெர்லினுக்கே கொண்டுபோய், ஜெர்மன் குடியரசுத் தலைவரின் மாளிகையில் ஏற்றினார்கள்.

2026ல் ஹனுக்கா டிசம்பர் 4, வெள்ளிக்கிழமை மாலை தொடங்குகிறது. எட்டாம் விளக்கு டிசம்பர் 11, அதுவும் வெள்ளிக்கிழமை. 1931ன் ஹனுக்காவுக்கும் இதே தேதி, இதே கிழமை. வெள்ளி மாலை என்பதால் சூரியன் மறையும்முன்னே, வெளிச்சம் இருக்கும்போதே ஏற்றியாக வேண்டும். வர்த்தி நீளமானதாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.